பூச்சிய வீதத்தில் ஒரு சுற்றுப்பிரகாரம்

"இல்லை" என்று சொல்லத் தெரியாதவர்கள் உலகத்தில் இரண்டு வகை. ஒரு வகையினர் உண்மையிலேயே நல்லவர்கள். மற்ற வகையினர், தங்களை நல்லவர்கள் என்று நாலு பேர் சொல்லவேண்டும் என்பதற்காக எதற்கும் தலையாட்டுகிறவர்கள். நான் இரண்டாவது வகை. அதோடு பெரிய மின்சார ட்ரக் ஒன்றுக்கும் சொந்தக்காரன். இந்த இரண்டும் ஓர் ஆளிடம் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை கியூபெக்கின் லாசாலில் இருக்கும் எங்கள் கோயில் பங்குச் சனங்கள் நடுத்தெருவில் நின்று கண்ணால் கண்டிருக்கிறார்கள். காணாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் செயற்கைப் பல் செய்கிறவன். ரொக்ஸ்பரோவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் இருந்து, பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்து மேல்வரிசையும் கீழ்வரிசையும் கட்டிக்கொடுப்பது என் வேலை. ஒரு நாளில் நான் தூக்குகிற ஆகப் பெரிய பாரம் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி. இப்படிப்பட்ட ஒருவன், பின்தட்டில் ஒரு சின்னக் குடும்பமே பாய் விரித்துப் படுக்கக்கூடிய ட்ரக்கை ஏன் வாங்கினான் என்று என் மனைவி ஜெசிந்தா கேட்டாள்.

"பெற்றோல் அடிக்கத் தேவையில்லை" என்றேன்.

"பெற்றோல் அடிக்கத் தேவையில்லாத சின்னக் காரும் விக்கிறாங்கள்தானே?"

நான் ட்ரக்கின் கண்ணாடியைத் துடைக்கத் துணி தேடிப் போனேன். (உண்மை என்னவென்றால், விற்கிற இடத்தில் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தபோது நான் கொஞ்சம் உயரமாகத் தெரிந்தேன்.)

வாங்கிய பிறகுதான் அதோடு வாழவேண்டும் என்பது உறைத்தது. எங்கள் வீட்டு வாசலில் அதை ஏற்றினால் பின்பாதி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நிற்கும். பிள்ளைவண்டில் தள்ளிக்கொண்டு போகிற தாய்மார் அதைச் சுற்றிப் போகும்போது என்னைப் பற்றி என்ன சொல்லுவார்கள் என்று எனக்குப் பிரெஞ்சில் நன்றாகவே விளங்கும். நகரத்துக்குள் இருக்கும் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் அதன் தலை இடிக்கும். பேரங்காடியில் ஆகக் கடைசி மூலையில்தான் இடம் கிடைக்கும் என்பதால், பால் வாங்க ட்ரக்கில் போனால் அங்கே நடக்கிற தூரத்தைவிட வீட்டிலிருந்து மூலையில் இருக்கும் டெப்பனர் கடைக்கு நடப்பது கிட்ட. பனிகாலத்தில் தெருவில் பனி அள்ள வருமுன் சைரன் ஊதுவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் அயலவர்கள் செருப்போடு ஓடிவந்து காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடிப்பார்கள். நான் ட்ரக் கொள்ளக்கூடிய ஓர் இடைவெளியைத் தேடி லாசால் முழுக்கச் சுற்றிவிட்டு, பஸ்ஸில் வீடு திரும்புவேன். குளிர் வேறு பேட்டரியில் பாதியைச் சாப்பிட்டுவிடும். அதனால் காலையில் எழும்பியதும் முதல் வேலை செபம் அல்ல, எத்தனை வீதம் மின்சாரம் இருக்கிறது என்று போனில் பார்ப்பதுதான்.

ஆனால் ஊருக்கு உபகாரி என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. சோபா ஏற்ற, பிரிட்ஜ் இறக்க, மகளைக் கோட்-டெ-நெய்ஜ் பல்கலைக்கழக அறைக்குக் குடிவைக்க, எல்லாவற்றுக்கும் "அன்ரனைக் கேளுங்கோ, அவர் ஓம் எண்டுவார்." அதைவிட, என் ட்ரக்கின் பின்தட்டில் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போலவே மின்சாரச் செருகிகள் உண்டு. ஒரு தடவை காற்றுக்கு மரம் விழுந்து எங்கள் தெரு முழுக்க இருண்டபோது, அதிலிருந்து வயர் இழுத்து நாலு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளை ஓடவைத்தேன். அன்றிலிருந்து நான் கரண்ட் அன்ரன். அந்தப் பட்டம் கிடைத்த சந்தோசத்தில் ஒரு கிழமை தோளை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஜெசிந்தா மட்டும் அந்த ட்ரக்கில் ஏறமாட்டாள். "அது உங்கட யானை. நீங்களே மேய்ச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் போவாள்.

பிறகு ஒரு மார்கழியில் அவளுடைய இடது மார்பில் கட்டி இருப்பது தெரியவந்தது.

அதைப் பற்றி நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். அதற்கு முன் ஒரு டாக்டர், நல்ல மனிதர், எங்களை இருத்திவைத்து ஒரு வீதக் கணக்குச் சொன்னார். தப்புவதற்கு இத்தனை வீதம் என்று. அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டிலும் நாங்கள் ஒருநாள்கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அன்றிலிருந்து, காலையில் நான் போனைப் பார்த்து "எழுபது வீதம் இருக்கு" என்று ட்ரக்கைப் பற்றிச் சொன்னால்கூட அவள் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவாள். நானும் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் யானை எங்களுக்குப் பயன்பட்டது. சிகிச்சைக்கு அடிக்கடி போகவேண்டியிருந்தது. பஸ்ஸின் குலுக்கலைத் தாங்க அவளால் முடியவில்லை. ட்ரக்கில் சத்தம் இல்லை, குலுக்கல் இல்லை, இருக்கை சூடாகும். ஒரே கரைச்சல், ஏறுகிற படி அவளுக்கு உயரம். குசினியில் அவள் மேல்தட்டுச் சாமான் எடுக்க ஏறி நிற்கும் நீலநிற பிளாஸ்டிக் முக்காலியை ட்ரக்கிலேயே வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் நான் பாய்ந்து இறங்கி, சுற்றி ஓடி, பனியைக் காலால் தட்டிவிட்டு முக்காலியை வைப்பேன். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். "ஆயர் ஆண்டவர் இறங்கிறமாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பகிடி அது என்பதால், ஆஸ்பத்திரி வாசலில் நின்று தேவைக்கு அதிகமாகச் சிரித்தேன்.

அந்த நாட்களில் அவள் ஒரு நேர்த்தி வைத்தாள். சுகமாகி எழும்பினால் ஆவணித் திருநாளுக்கு மாதாவின் சொரூபத்தோடு முழு வீதியும் சுற்றி வருவேன் என்று. எங்கள் பங்கில் திருநாளன்று பூசை முடிந்ததும் மாதாவைச் சுற்றுப்பிரகாரமாகக் கொண்டுபோய், பக்கத்துத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு திரும்பக் கோயிலுக்கு வருவார்கள். அந்தச் சுற்று முற்றாக முடியவேண்டும். இடையில் நின்றால் நேர்த்தி நிறைவேறாது. திருநாளுக்கு அடுத்த கிழமை அவளுக்குப் பெரிய பரிசோதனை இருந்தது. எல்லாம் போய்விட்டதா, இல்லையா என்று சொல்லுகிற பரிசோதனை. இரண்டையும் அவள் மனதுக்குள் ஒன்றாக முடிந்து வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

திருநாள் வேலைகளுக்குத் தலைவர் பீலிக்ஸ் அண்ணை. மன்னாரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர். இங்கேயும் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒவ்வொரு வருசமும் மாதாவை ஒரு வாடகை லொறியில் ஏற்றி, பின்னால் ஒரு ஜெனரேட்டரைக் கட்டி இழுப்பார். அது போடுகிற சத்தத்தில் செபமாலை எந்தத் தேவரகசியத்தில் நிற்கிறது என்று ஒருவருக்கும் விளங்காது. நான் அவரிடம் போய் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அண்ணை, இந்தமுறை மாதா என்ர ட்ரக்கில வரட்டும். சத்தமே இல்லை. புகையே இல்லை. லைற்றுக்கும் ஸ்பீக்கருக்கும் கரண்டும் அதிலயே எடுக்கலாம். ஜெசிந்தாவும் முன்னுக்கு இருந்து வந்தாவெண்டால் நேர்த்தியும் முடிஞ்சிடும், நடக்கவும் தேவையில்லை."

"கரண்ட் காணுமோ தம்பி?"

"அண்ணை, அது ஒரு வீட்டையே மூண்டு நாளைக்கு ஓட்டும்" என்றேன். (விற்றவன் அப்படித்தான் சொன்னான். ஒரு கோயிலைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.)

சனிக்கிழமை காலையிலேயே ட்ரக்கைக் கோயில் வளவில் கொண்டுபோய் விட்டேன். நூறு வீதம். மகள் அனிற்றாவும் அவளுடைய சிநேகிதிகளும் நீலமும் வெள்ளையும் கலந்த துணியால் அதைச் சோடித்தார்கள். முன்மூடிக்கு மேல் காகிதப் பூ. இரண்டு பக்கக் கண்ணாடிகளிலும் ஒவ்வொரு காகிதச் சம்மனசு, வானதூதரின் செட்டை விரித்தபடி. தூரத்தில் நின்று பார்த்தபோது என் கண் கலங்கியது. இதற்காகத்தான் கடவுள் என்னை இந்த ட்ரக்கை வாங்கவைத்திருக்கிறார் என்று அப்போது முழுமனதோடு நம்பினேன்.

முதலில் லைற் வயரைச் செருகினார்கள். பிறகு ஸ்பீக்கர். அதுவரைக்கும் பிழையில்லை. பிறகு சாப்பாட்டுக் கொட்டில் பெண்கள் வந்தார்கள்.

"தம்பி அன்ரன், கோயில் ஹோலில ரெண்டு தேத்தண்ணிக் கேத்தல் போட்டாலே பியூஸ் போகுது. உம்மட வாகனத்தில ஒண்டு செருகட்டோ?"

"செருகுங்கோ அக்கா, செருகுங்கோ."

திருநாளில் கேட்டதைக் கொடுப்பது புண்ணியம். எங்கள் ஆட்களில் யாரும் கோயில் வளவுக்குள் நின்று "இல்லை" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? தேத்தண்ணிக் கொதிகலன் வந்தது. ஐஸ்கிறீமுக்கு ஓர் ஆழ்குளிர்ப்பெட்டி வந்தது, இறைச்சிக்கு இன்னொன்று. இரண்டையும் விடியும்வரை அப்படியே விட்டார்கள். ஞாயிறு காலையில் றோல்ஸ் பொரிக்கிற மின்சாரச் சட்டி, கொத்துரொட்டிக்கு மின்சாரத் தட்டு, பாடகர் குழுவுக்கு மின்விசிறி என்று என் ட்ரக்கின் பின்னால் வயர்கள் புற்றிலிருந்து பாம்பு வருகிற மாதிரி நாலாபக்கமும் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் தன் போனையும் செருகிவிட்டுப் போயிருந்தார். நான் ஒரு கதிரையைப் போட்டு அருகில் இருந்து, நன்றி சொன்னவர்களுக்கெல்லாம் கையை உயர்த்திக்கொண்டிருந்தேன்.

பூசைக்கு மணி அடிக்கச் சற்று முன்னால் எல்லாம் ஒரேயடியாக நின்றது. கொத்துத் தட்டு ஆறியது. மாதாவைச் சுற்றியிருந்த லைற்றுகள் அணைந்தன. முழு வளவும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பழுது ஒன்றுமில்லை. இதற்குக் கீழே இறங்கினால் வெளியே மின்சாரம் கொடுக்காதே என்று ட்ரக்குக்கு ஓர் எல்லை வைக்கலாம். அந்த எல்லை வந்துவிட்டது. அதாவது ட்ரக் எனக்குப் பதிலாக "இல்லை" என்று சொல்லியிருக்கிறது. அதற்கு இருந்த புத்தி எனக்கு இருக்கவில்லை. சாப்பாட்டுக் கொட்டில் அக்காமார் அகப்பையோடு பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஏறிப்போய்த் திரையில் விரலை வைத்து அந்த எல்லையையே எடுத்துவிட்டேன். லைற்றுகள் திரும்ப எரிந்தன. "அன்ரன் இருக்க எங்களுக்கு என்ன குறை!" என்றார் ஓர் அக்கா. நான் பணிவாகத் தலையைக் குனிந்தேன். பிறகு பக்தியோடு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு பூசைக்குப் போனேன். பூசை நேரம் முழுக்க அந்த ட்ரக் என் போனுக்கு எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

பூசை முடிந்தது. இரண்டு நீளமான மரச்சட்டங்களைச் சரிவாக வைத்து, மாதாவின் பீடத்தை அதன்மேல் தள்ளிப் பின்தட்டில் ஏற்றினார்கள். நான் முக்காலியை வைத்தேன். ஜெசிந்தா கறுப்பு நெற் முக்காடு தலையில், செபமாலை கையில், இடது கையில் வீக்கம் வராமல் ஆஸ்பத்திரியில் கொடுத்த இறுக்கமான உறையோடு ஏறி என் பக்கத்தில் இருந்தாள். பின் இருக்கையில் அனிற்றா. நான் திரையைப் பார்த்தேன். ஒற்றை இலக்கம்.

ஜெசிந்தாவும் பார்த்தாள். "காணுமோ?"

"தாராளமாக் காணும்" என்றேன்.

சுற்றுவது நாலு தெரு. அதற்கு என்னத்துக்குப் பேட்டரி என்று நினைத்தேன். லைற்றும் ஸ்பீக்கரும் இன்னும் அதிலேயேதான் ஓடுகின்றன என்பதும், எங்கள் சனம் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்தால் ஒரு தெருவுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

முதல் தெரு அழகாகப் போனது. இரண்டாவது தெருவும். சத்தமில்லாமல் மாதா மிதந்து வருவதைப் பார்த்து, இரும்புப் படிக்கட்டுகளிலும் மாடிகளிலும் நின்ற பிரெஞ்சுக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மூன்றாவது தெருவுக்குத் திரும்பும்போது திரையில் ஒரு சின்ன ஆமைப் படம் வந்தது.

"அப்பா, ஸ்கிறீன்ல ஒரு ஆமை நிக்குது" என்றாள் அனிற்றா.

"அது ஊர்வலத்துக்கு மெதுவாப் போறதுக்கு."

"மெ நோ, இல்லை அப்பா, பற்றரி முடியேக்கதான் ஆமை வரும்."

"சத்தம் போடாமச் செபத்தைச் சொல்லும் பிள்ளை."

வேறு நாளாக இருந்திருந்தால் வாகனம் மெதுவாவது எனக்கே தெரிந்திருக்கும். நாங்கள் போன வேகத்தில் ஆமைக்கும் ட்ரக்குக்கும் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை. அந்தத் தெருவின் நடுவில் ஒரு மெல்லிய ஏற்றம். சைக்கிளில் போனால் தெரியாது. அதில் ஏறும்போது ஸ்பீக்கர் அருள்நிறைந்த மந்திரத்தின் பாதியில் நின்றது. திரை கறுத்தது. ட்ரக் ஒரு பெருமூச்சு விட்டமாதிரிச் சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றது.

ஜெசிந்தா கறுத்துப்போன திரையைப் பார்த்தாள். எத்தனையோ மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத அந்தச் சொல்லை அவளே சொன்னாள்.

"எத்தினை வீதம்?"

நான் திரையைத் தட்டிப் பார்த்தேன். பின்னால் இருந்து அனிற்றா, "பூச்சியம், அம்மா" என்றாள்.

"பாதி வழியில மாதா நிண்டிட்டா" என்றாள் ஜெசிந்தா. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம், அந்த டாக்டரின் அறையில் இருந்தபோது இருந்த முகமாக மாறியது. அடுத்த கிழமைப் பரிசோதனையை அவள் அந்தக் கறுப்புத் திரையிலேயே படித்துவிட்டாள் என்று எனக்குப் பட்டது. நான் வாழ்க்கையில் எத்தனையோ தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். பயந்தது அந்தத் தடவைதான்.

வெளியே ஆலோசனைகள் தொடங்கின. ஒருவர் பெற்றோல் வாங்கிவரட்டுமா என்று கேட்டார். இன்னொருவர் தன் காரிலிருந்து ஜம்ப் வயர் கொண்டுவந்து முன்மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே எஞ்சின் இல்லை, இரண்டு தட்டம் அவித்த கடலை இருந்தது. (சாமான் வைக்கிற இடம் அது. இடம் சும்மா கிடக்கிறதே என்று யாரோ வைத்திருக்கிறார்கள்.) பிறகு தள்ளுவோம் என்றார்கள். மின்சாரம் முற்றாகப் போனால் அந்த ட்ரக்கின் சில்லுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும் என்று நான் கத்திக் கத்திச் சொல்ல, ஆண்கள் எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஒரு சம்மனசின் செட்டை முறிந்தது. அவ்வளவுதான் அசைந்தது.

பீலிக்ஸ் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். தெருவை மாலைக்குள் விட்டுக்கொடுப்பதாக நகரசபைக்கு வாக்குக் கொடுத்திருந்தார். "இஞ்சயே கடைசிச் செபத்தைச் சொல்லி முடிப்பம். மாதாவுக்குத் தெரியும்தானே" என்றார் என்னைப் பார்க்காமல்.

ட்ரக்கின் மற்றப் பக்கக் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் முக்காலியை எடுத்துக்கொண்டு சுற்றி ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் ஜெசிந்தா தெருவில் குதித்துவிட்டாள். செருப்பு ட்ரக்குக்குள்ளேயே கிடந்தது.

"பீலிக்ஸ் அண்ணை, மாதாவை இறக்குங்கோ. தூக்கிக்கொண்டு போவம்."

"பிள்ளை, அது லேசான பாரமில்லை."

"பாரம் எனக்குத் தெரியும் அண்ணை."

"ஜெசிந்தா, உம்மட கை..." என்று நான் தொடங்கினேன். இடது கையால் பாரம் தூக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"வலது தோள் நல்லாத்தான் இருக்கு. நான் நேர்ந்தது மாதாவோட நடக்கிறதெண்டு. உங்கட சீற்றில இருக்கிறதெண்டில்லை."

பீலிக்ஸ் அண்ணை மணிக்கூட்டை இன்னொருதரம் பார்த்தார். பிறகு கொத்துரொட்டி அக்கா முன்னால் வந்து செருப்பைக் கழற்றினார். ஏற்றுவதற்குக் கொண்டுவந்த அந்த இரண்டு மரச்சட்டங்களையும் பீடத்துக்குக் கீழே கொடுத்துக் கயிற்றால் கட்டினார்கள். முன்னுக்குப் பெண்கள், பின்னுக்கு ஆண்கள். ஜெசிந்தா முதல் ஆளாக வலது தோளைக் கொடுத்தாள். நானும் ஓடிப்போய்ப் பின்சட்டத்துக்குக் கீழே குனிந்தேன்.

"நீர் எங்க வாறீர்?" என்றார் பீலிக்ஸ் அண்ணை. "உந்த மலையை நடுரோட்டில விட்டிட்டு வரேலாது. இழுக்கிற லொறிக்காரனுக்குப் போன் அடியும். நில்லும் அதிலயே."

மாதா எழும்பினா. ஸ்பீக்கர் இல்லாததால் சனம் சொந்தக் குரலில் செபத்தைத் தொடங்கியது. அவ்வளவு பேரின் குரலையும் அப்படி ஒன்றாக நான் அதற்கு முன் கேட்டதில்லை. சொரூபம் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து, ஏற்றத்தில் ஏறிப் போனது. வெறுங்காலோடு அவள் நடப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் நீல முக்காலி. அழுகை வந்தது, அழுதேன். அனிற்றா என் தோளில் தட்டி, "அப்பா, இழுக்கிற கொம்பனிக்காரர் லைன்ல நிக்கினம்" என்றாள்.

வந்தவன் தாடி வைத்த ஒரு கியூபெக்காரன். மேடை வைத்த பெரிய லொறியில் வந்தான். சோடனையைப் பார்த்துவிட்டு, கலியாணமா என்று கேட்டான். அனிற்றா விளங்கப்படுத்தினாள். அவன் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துவிட்டு, என் ட்ரக்கை மேடையில் ஏற்றிச் சங்கிலியால் கட்டினான். அது ஒருவழிப் பாதை. இரண்டு பக்கமும் கார்கள். அந்த லொறி பின்னுக்குப் போகவோ திரும்பவோ வழியில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது, முன்னுக்கு. முன்னுக்கு மாதா போய்க்கொண்டிருந்தா.

ஆகவே மீதிச் சுற்றுப்பிரகாரம் இப்படி நடந்தது. முதலில் சிலுவை. பிறகு பெண்களின் தோளில் மாதா. பிறகு செபம் சொல்லும் சனம். கடைசியில், மஞ்சள் லைற்றுகள் சுழல, ஒரு லொறியின் மேடையில் பூவும் நீலத் துணியும் ஒற்றைச் செட்டைச் சம்மனசுமாக என் ட்ரக். சாரதிக்குப் பக்கத்தில், மடியில் முக்காலியை வைத்துக்கொண்டு நான். நடக்கிற வேகத்தில் போனோம். பின்வரிசையில் போனவர்கள் இதைத் திருநாளின் புது ஒழுங்கு என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு மாடியில் நின்ற வயதான பிரெஞ்சுக்கார அம்மா மாதா போகும்போது சிலுவை அடையாளம் போட்டா. என் ட்ரக் போகும்போதும் ஒருதரம் போட்டா. சாரதி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு என்ன செய்வது, அந்த அம்மாவைப் பார்த்துக் கையை உயர்த்தினேன்.

கோயில் வாசலில் மாதாவை இறக்கி வைத்தபோது ஜெசிந்தாவின் சேலை வியர்வையில் ஊறியிருந்தது, உள்ளங்கால் கறுத்திருந்தது. சுற்று முடிந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்த்தாள். சனத்துக்குப் பின்னால், இரண்டாவது சொரூபம் போல, லொறிமேல் என் ட்ரக் வந்துகொண்டிருந்தது. அவள் முதலில் வாயைப் பொத்தினாள். பிறகு முடியாமல் அங்கேயே வாசல்படியில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நான் முக்காலியோடு இறங்கிவந்து அவளுக்கு முன்னால் நின்றேன்.

"எத்தினை வீதம்?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அந்தக் கேள்வி அன்று தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. பங்கில் என்னைக் கண்டால் யாரும் சுகம் கேட்பதில்லை, "எத்தினை வீதம்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் கொட்டாவி விட்டால் அனிற்றா, "அப்பாவுக்கு ஆமை வந்திட்டுது" என்பாள். அடுத்த வருசத்திலிருந்து மாதாவைத் தோளில்தான் கொண்டுபோகிறோம். பின்சட்டத்தில் எனக்கு ஓர் இடம் உண்டு. நான் தோள் கொடுக்கக் குனிகிற ஒவ்வொரு முறையும் பீலிக்ஸ் அண்ணை சனத்தைப் பார்த்து, "அன்ரன் சாஜ் பண்ணிக்கொண்டோ வந்தவர், கேளுங்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தூக்கவிடுவார்.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு முந்திய ஒரு நாளை. அந்தத் திருநாளுக்கு அடுத்த கிழமை ஜெசிந்தா பரிசோதனை முடிவு கேட்க டாக்டரிடம் போனாள். நானும் உள்ளே வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், தனியாகக் கேட்கவேண்டும் என்றாள். நான் ட்ரக்குக்குள் இருந்தேன். பக்கக் கண்ணாடியில் உடைந்த சம்மனசின் காகிதச் செட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போதெல்லாம் முக்காலியைக் கையில் எடுத்து, திரும்ப வைத்தேன். கடைசியில் அவள் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஓடிப்போய் முக்காலியை வைத்தேன். என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் சுற்றி வந்து ஏறிக் கதவைச் சாத்தினேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க எத்தனையோ விதமாக வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. வாயில் வந்தது அதுதான்.

"எத்தினை வீதம்?"

அவள் பெல்ற்றை இழுத்துப் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நூறு" என்றாள். எந்த டாக்டரும் அப்படி ஓர் எண்ணைச் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் விளங்கிவிட்டது. "வண்டியை எடுங்கோ."

திரையைப் பார்த்தேன். முப்பத்தொன்று இருந்தது. வீட்டுக்குப் போகத் தாராளமாகக் காணும்.